ஒப்புகைச் சீட்டு

பணத்தை அனுப்புவது எளிது. அது சேர வேண்டிய கையில் சேர்ந்தது என்று அறிவதுதான் அரிது. இதனை நமக்குக் கற்பித்தது பழைய மணியார்டர் படிவம்.

இந்திய அஞ்சலகங்கள் 1880ஆம் ஆண்டில் மணியார்டர் பணியைத் தொடங்கின. அம்முறையில் ரூபாய் நோட்டு பயணம் செய்வதில்லை; படிவமே பயணம் செய்தது. நாம் இங்கே கட்டிய தொகையை, சேரும் ஊரின் அஞ்சலகம் தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். படிவத்தில் நாம் நாலு வரி எழுதும் கூப்பன் பெறுபவருக்கு உரியது. ஒப்புகைச் சீட்டோ, பெற்றவரின் கையொப்பத்துடன் அனுப்பியவருக்கே திரும்பி வரும். எழுத்தறியாதவர் சாட்சி முன்னிலையில் கைநாட்டு வைப்பார். போஸ்டல் ஆர்டர் இதனின் வேறு. விண்ணப்பக் கட்டணத்துக்காக நாமே வாங்கி உறையிலிட்டு அனுப்புவது அது. அது அலுவலகத்துக்குப் போகும். மணியார்டர் வீட்டு வாசலுக்கு வரும்.

1996ஆம் ஆண்டில் நாம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். குண்டடத்திலிருந்த தாயாருக்கு மாதந்தோறும் 400 ரூபாய் அனுப்புவோம். 20 ரூபாய்க்கு 1 ரூபாய் வீதம் கட்டணமே 20 ரூபாய். பல்லடம் வழியாகப் பேருந்தில் சென்று நேரிலேயே கொடுத்து வரலாம். ஆனால் ஒரு நாள் கூலி போய்விடும். சில நாட்களில் தாயாரின் கட்டைவிரல் ரேகை பதிந்த ஒப்புகைச் சீட்டு வரும். அந்த ரேகையைக் கண்டால் தாயார் நலம் என்று மனம் அமைதி கொள்ளும்.

ஒரு மாதம் சீட்டு வரவில்லை. பணமே திரும்பி வந்தது. படிவத்தில், 'பெறுபவர் ஊரில் இல்லை' என்று எழுதியிருந்தது. அன்றிரவே ஊருக்கு ஓடினோம்.

தாயார் தாராபுரத்தில் மருத்துவமனையில் இருந்தார். "பிள்ளைக்குச் சொல்லாதே, கூலி போய்விடும்" என்று தங்கையின் வாயை அடைத்திருக்கிறார். மருந்துக்குப் பணமில்லாத தங்கை, மணியார்டரைத் தன்னிடம் தரும்படி தபால்காரரிடம் மன்றாடியிருக்கிறாள். அவர் மறுத்துவிட்டார். அவள் கடன் வாங்கினாள்.

நாம் கோபத்தோடு அவரிடம் சென்றோம். அவர் தலைகுனிந்து, "கொடுக்கத்தானுங்க மனசு. ஆனா பேர் போட்டவங்க கையிலதானுங்க கொடுக்கணும்" என்றார்.

பிறர் பொருளை உரியவரிடமே ஒப்படைப்பது அமானிதம் என்று சிறு வயதில் ஓதிக் கற்றிருந்தோம். அதனைக் காக்கிச் சட்டையில் கண்டது அன்றுதான். அவர் இரக்கப்பட்டுத் தங்கையிடம் கொடுத்திருந்தால் நமக்கு ஒரு சீட்டு வந்திருக்கும். நாமும் திருப்பூரில் நிம்மதியாக உறங்கியிருப்போம். தங்கை பட்ட சிரமம் பொய்யன்று. ஆயினும் நம்மைத் தாயாரின் கட்டிலருகே கொண்டு சேர்த்தது அந்த மறுப்பே. இறையருளால் தாயார் தேறி வீடு திரும்பினார்.

காகிதப் படிவம் பயணம் செய்த அந்த முறை 2015இல் முடிவுக்கு வந்தது. 2018இல் தொடங்கிய இந்திய அஞ்சல் பட்டுவாடா வங்கியின் வழியே, தபால்காரர் சிறு கருவியோடு வாசலுக்கு வந்து, விரல்ரேகை பெற்றுக் கணக்கிலுள்ள பணத்தைக் கொடுக்கிறார். கைபேசியிலோ நொடியில் பணம் போய்விடுகிறது. வசதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 'அனுப்பப்பட்டது' என்று கருவி சொல்வது கணக்கைப் பற்றியது. ஆளைப் பற்றியது அன்று.

திருப்பூரிலும் திரைகடலுக்கு அப்பாலும் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம். பணம் போன பின் வீட்டுக்கு ஒருமுறை பேசுங்கள். கிடைத்ததா என்று மட்டும் கேளாதீர்கள். உடம்பு எப்படி என்றும் கேளுங்கள்.

தாயார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவருடைய ரேகை பதிந்த சீட்டுகள் இன்றும் நம் பெட்டியில் உள்ளன. ஒரு மாதத்துச் சீட்டு மட்டும் இல்லை.