88 கட்டை, ஒரு எமரால்டு பஸ்

உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கீபோர்டு வாசிக்கிற ஆள் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவரைக் கேன்டீன்ல ஓரங்கட்டி, "பாஸ், உங்க லட்சியம் என்ன?"னு கேட்டுப் பாருங்க. ரஹ்மான் மாதிரி, ராஜா சார் மாதிரி, யுவன் மாதிரின்னு ஏதாவது ஒண்ணு வரும். "கான்சர்ட் பியானிஸ்ட் ஆகணும்"னு ஒருத்தராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சான்ஸே இல்ல!

நான் சொன்னேன். பி.காம். இரண்டாம் வருஷம், வயசு 19. ஊர் எமரால்டு. ஊட்டிக்குப் பக்கத்துல டேம், தேயிலை, கேரட் தோட்டம், சாயங்காலம் ஆனா முகத்துல மோதுற மேகம்... அந்த எமரால்டு. வீட்டுல பியானோ இருக்கான்னு கேக்காதீங்க. அப்போ எங்க வீட்டுல ஃப்ரிட்ஜே இல்ல. (அந்தக் குளிருக்கு அது தேவையும் இல்லை, விடுங்க.)

முதல்ல கான்சர்ட் பியானிஸ்ட்னா யாருன்னு பார்த்துடலாம். ஏன்னா நம்ம ஆளுங்களுக்குப் பியானோன்னா பழைய தமிழ்ப் படம்தான். கோட் போட்ட ஹீரோ பியானோ முன்னாடி உட்கார்ந்தா காதல் தோல்வி கன்ஃபர்ம்! நிஜத்துல, ஒரே ஒரு ஆள் மேடை ஏறி, பாக், பீத்தோவன், ஷோபன்னு ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் தனியா வாசிக்கிறது. எதிர்ல நோட்ஸ் புத்தகம்கூட இருக்காது. பெரும்பாலும் எல்லாம் மனப்பாடம். இப்படித் தனியாளா ஒரு சாயங்காலம் முழுக்க வாசிக்கிற பழக்கத்தை 1840 வாக்குல ஃபிரான்ஸ் லிஸ்ட் பிரபலமாக்கிட்டுப் போயிட்டார். அன்னிக்கு மாட்டினவங்கதான், பியானிஸ்ட்டுகள் இன்னும் மீளலை.

வயலின்காரர் வயலினைத் தோள்ல மாட்டிட்டு பஸ் ஏறலாம். பெரிய கான்சர்ட் கிராண்ட் பியானோவோ ஒன்பது அடி நீளம், கிட்டத்தட்ட 500 கிலோ. எங்கே தூக்குறது? எந்த ஊருக்குப் போறாரோ அந்த ஊர் ஹால்ல இருக்கிறதுதான் அவர் வாத்தியம். காலைல போய் அதோட பழகி, ராத்திரி அதுலயே உயிரைக் கொடுத்து வாசிக்கணும். ஹாரோவிட்ஸ் மாதிரி சொந்தப் பியானோவோட ஊர் ஊராப் போனவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்.

சரி, என் கதைக்கு வர்றேன். எங்க ஊர் சர்ச்சுல ஒரு கீபோர்டு இருந்தது. 61 கட்டை. 12 வயசுல அதுலதான் ஆரம்பிச்சேன். நிஜப் பியானோவை முதன்முதலா தொட்டப்போ எனக்கு 17. குன்னூர்ல ஒரு வயசான டீச்சர் வீட்டுல. அதுல 88 கட்டை. ஒரு கட்டையை அமுக்கினேன். ஐயோ, கனமா இருந்தது! கீபோர்டுல சும்மா தடவினா சத்தம் வரும். இங்கே ஒவ்வொரு கட்டையும் சுமார் 50 கிராம் எடையை விரல்ல கேக்குது. உள்ளே என்ன நடக்குதுன்னு மிஸ் மூடியைத் திறந்து காட்டினாங்க. கட்டையை அமுக்கினா கம்பளி சுத்தின ஒரு சின்னச் சுத்தியல் பறந்து போய் கம்பியைத் தட்டிட்டு உடனே திரும்பி விழுது. கடைசி நொடியில சுத்தியல் விரலோட பிடியை விட்டுத் தானா பறக்குது. அதுக்கப்புறம் உங்க கையில ஒண்ணும் இல்லை. எவ்வளவு வேகமா அனுப்பினீங்களோ அதுதான் சத்தம். அந்த வேகத்தை விரல் நுனியில அளக்கக் கத்துக்கிறதுக்குத்தான் இத்தனை வருஷம், இத்தனை மணி நேரப் பயிற்சி.

சனிக்கிழமை தோறும் எமரால்டுல முதல் பஸ். முத்தோரை பாலாடா வழியா ஊட்டி. அங்கேயிருந்து குன்னூர். போக வர அஞ்சு மணி நேரம், கிளாஸ் ஒரு மணி நேரம். மடியில ஒரு அட்டையில 88 கட்டை வரைஞ்சு வெச்சுக்கிட்டு பஸ்ஸுலயே விரலை ஓட்டுவேன். பக்கத்து சீட் பாட்டி ஒருத்தங்க, "பாப்பாவுக்குக் கை நடுக்கமா?"ன்னு கேட்டு, சாப்பிட வர்க்கி கொடுத்தாங்க.

அப்பா பிக்கப் வண்டி ஓட்டுறார். எமரால்டு கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோற லோடு. அவர் கேட்டது ஒரே கேள்வி. "இதுல சோறு கிடைக்குமா பாப்பா?" இன்னிக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலைன்னு ஆட்டம் போடுற கேரட்டை நம்பி வாழ்ற மனுஷன், பியானோவை நம்பாதேங்கிறார்! சிரிப்பு வந்தது. ஆனா கேள்வி நியாயமானது. அதனால நானே தேட ஆரம்பிச்சேன். தமிழ்நாட்டுல பியானோவை வெச்சு வாழ்றவங்க யாரு? எப்படி வாழ்றாங்க?

முதல்ல லிடியன் நாதஸ்வரம். 2005ல பிறந்த சென்னைப் பையன். சென்னை மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன்ல அகஸ்டின் பால்கிட்டயும், அப்புறம் ரஹ்மான் 2008ல தொடங்கின கே.எம். கன்சர்வேட்டரியில சுரோஜித் சாட்டர்ஜிகிட்டயும் பியானோ படிச்சவர். 2019ல அமெரிக்க சி.பி.எஸ். சேனலோட ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில ஜெயிச்சு 10 லட்சம் டாலர் பரிசு வாங்கினப்போ வயசு 13! ரிம்ஸ்கி-கோர்சகோவோட ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ’யை முதல்ல நிமிஷத்துக்கு 208 தாளம், அப்புறம் 325 தாளம்னு வாசிச்சதை நீங்களும் பார்த்திருப்பீங்க. எனக்கு அந்த 325ஐ விட, அதுக்குப் பின்னாடி இருந்த வீடுதான் பிரமிப்பு. அப்பா இசையமைப்பாளர், அக்கா புல்லாங்குழல். மொத்தக் குடும்பமும் இசைக்குள்ள வாழ்ந்த வீடு. 2024ல வந்த மோகன்லாலோட ‘பரோஸ்’ படப் பாடல்களுக்கு அவர்தான் இசை. கவனிச்சீங்களா? உலகமே பார்த்த பியானோ, கடைசியில சினிமா வழியாவும் போகுது. பண்ணைப்புரத்துலேர்ந்து வந்து, தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்ச இளையராஜாவும் அந்த வழியிலதான் போனார். தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக்கோட அரங்கேத்த 2025 மார்ச் வரைக்கும் ஆச்சு.

அடுத்தவர் அனில் சீனிவாசன். 1977ல பிறந்தவர், மூணு வயசுலயே பியானோ. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் வரைக்கும் படிச்சுட்டு சென்னைக்கே திரும்பினார். இங்கே சபாவுல யார் பீத்தோவன் கேப்பாங்க? அவர் சிக்கில் குருசரண்கூட சேர்ந்து கர்நாடக சங்கீதம் பக்கம் போனார். இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. நம்ம சங்கீதத்தோட உயிரே கமகம். ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கி, ஆடி, குழைஞ்சு போகணும். பியானோவுல ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒண்ணுமே கிடையாது. படி இருக்கு, சரிவு இல்லை! அனில் பியானோவைப் பாட வைக்க மெனக்கெடலை. குழையுற வேலையைக் குருசரண் குரலுக்கு விட்டுட்டு, அடியில ஸ்வரக் கூட்டுகளை மெதுவா விரிக்கிறார். சில இடத்துல சும்மா இருக்கார். அந்தச் சும்மா இருக்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதோட ‘ராப்சடி’ங்கிற அமைப்பு மூலமா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இசை வழியா பாடம் சொல்ற வேலையும் செய்றார்.

ஆக, நம்ம ஊர்ல வெறும் கச்சேரி பியானிஸ்ட்டா மட்டும் வாழ்ந்தவங்களைத் தேடினா கிடைக்கலை. சினிமா, கர்நாடக மேடை, பள்ளிக்கூடம், கொயர்... பக்கத்துல இன்னொண்ணு இருந்துட்டே இருக்கு.

வெளிநாட்டுல மட்டும் சுகமான்னு பார்த்தா, ம்ஹூம். சீனாவோட லாங் லாங்குக்காக அவரோட அப்பா போலீஸ் வேலையையே விட்டுட்டு பெய்ஜிங்ல சின்ன அறையில மகனோட குடியிருந்தார். 1999ல, 17 வயசுல, ஆந்த்ரே வாட்ஸுக்கு உடம்பு சரியில்லாம போனதால சிகாகோ சிம்பொனியோட மேடையேறுற வாய்ப்பு திடீர்னு வந்தது. ஒரே ராத்திரியில ஸ்டார்! அதே லாங் லாங் 2017ல இடது கை வீக்கத்தால ஒரு வருஷத்துக்கு மேல மேடையேற முடியலை. முதல் உலகப் போர்ல வலது கையை இழந்த விட்கென்ஸ்டைன்கிற பியானிஸ்ட்டுக்காக ராவெல் இடது கைக்குன்னே ஒரு கான்செர்ட்டோ எழுதினார் இல்லையா, அதை ஓவரா பயிற்சி பண்ணினதுல வந்த வினை. ஷோபன் போட்டி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வார்சாவுல நடக்கும். முப்பது வயசைத் தாண்டினவங்களுக்கு அங்கே இடம் கிடையாது. அதுக்குள்ள உலகம் பூராவும் நாலு வயசுலேர்ந்து வாசிச்சவங்க வரிசையில நிப்பாங்க.

எனக்கு ஆறுதலா கிடைச்சது ரிக்டர் ஒருத்தர்தான். ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர், பெரும்பாலும் தானே கத்துக்கிட்டவர். முறையாப் படிக்க மாஸ்கோ போனப்போ வயசு 22. ‘ஆஹா, நமக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு’ன்னு கணக்கு போட்டேன். அந்தத் தெம்புல ஒரு சனிக்கிழமை கேட்டேவிட்டேன்.

"மிஸ், நான் கான்சர்ட் பியானிஸ்ட் ஆக முடியுமா?"

மிஸ் கண்ணாடியைத் துடைச்சாங்க. "முடியாதும்மா. ரிக்டர் 15 வயசுலயே வாசிச்சு சம்பாதிச்ச ஆளு. நீ 17ல வந்தே. உட்காரு, ரெண்டாவது பக்கத்துல இடது கை இன்னும் தடுமாறுது."

அழுகை வரலைன்னு சொன்னா பொய். ஆனா உட்கார்ந்தேன். அந்த இடது கையை அன்னிக்கு நாப்பது தடவை வாசிச்சோம்.

ஃபைனல் இயர்ல கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. அதே மாசம் மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்துல மியூசிக் டீச்சர் வேலை. சம்பளம் பாதிக்கும் கொஞ்சம் கம்மி. ஆனா அங்கே ஒரு பியானோ, சாயங்காலம் நாலு மணிக்கு மேல பூட்டாத ஒரு ரூம். ரெண்டாவதை எடுத்தேன். அப்பா மூணு மாசம் என்கிட்ட சாப்பிட்டியான்னு மட்டும்தான் பேசினார்.

அப்புறம் மிஸ் மகள்கூட வெளியூர் கிளம்பினாங்க. "பியானோவை நீ எடுத்துக்கோ"ன்னாங்க. சுவரோரம் நிக்கிற அப்ரைட் வகை, 200 கிலோவுக்கு மேல. வண்டி வாடகை பேச ஆரம்பிச்சேன். அப்பா, "வாடகை எதுக்கு?"ன்னு எழுந்து சட்டை போட்டார். காலி கேரட் சாக்கை எல்லாம் மெத்தையா விரிச்சு, லோடு ஏத்துற அண்ணன்மார் அஞ்சு பேர் தூக்கி, எமரால்டு வரைக்கும் இருபதுல ஓட்டினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் பின்னாடி டொய்ங்னு ஒரு சத்தம். "அது என்ன சுரம் பாப்பா?"ன்னு கேட்டார். வாசல்ல பியானோ நுழையலை. நிலையோட ஒரு பக்கத்தை அவரே பெயர்த்தார்.

எங்க ஊருக்குப் பியானோ கொண்டு வந்தது பெரிய விஷயமில்லை. வெச்சுக்கிறதுதான்! உள்ளே சுமார் 230 கம்பி, எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 18, 20 டன். அந்தப் பாரத்தைத் தாங்குறது இரும்புச் சட்டம். ஆனா சத்தத்தைப் பெருக்குறது பின்னாடி இருக்கிற மெல்லிய மரப் பலகை. அது ஈரத்தைக் குடிச்சா உப்பும், சுருதி ஏறும். காய்ஞ்சா சுருதி இறங்கும். ஜனவரியில உறைபனி, ஜூன்ல மழை. பக்கத்து அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டின ஏரியா இது! அதனால பியானோவுக்குள்ள கீழ்ப்பக்கம் ஒரு 15 வாட்ஸ் குண்டு பல்பு. மழைக்காலம் பூரா எரியும். "சாமிக்கு ஒரு விளக்கு, இதுக்கு ஒரு விளக்கு"ம்பாங்க அம்மா. சுருதி சேர்க்கிற ஆள் கோயம்புத்தூர்லேர்ந்து வரணும். வர்ற செலவுக்கு அஞ்சு தடவைதான் கட்டுப்படியாச்சு. ஆறாவது தடவைக்குப் பதிலா அவர்கிட்டயே தொழில் கத்துக்கிட்டேன். இப்போ ஊட்டி, குன்னூர் பழைய பங்களாக்கள்ல எந்தப் பியானோ கரகரத்தாலும் எனக்கு போன் வருது. போன வருஷம் பள்ளிக்கூட சம்பளத்தைவிட சுருதி சாவி கொண்டு வந்தது ஜாஸ்தி. அப்பாகிட்ட கணக்கைக் காட்டினேன். ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

ரிக்டர் பத்தி இன்னொண்ணு. 1986ல, 71 வயசுல, சைபீரியா பக்கமா மாசக்கணக்குல கார்ல கிளம்பி, கச்சேரி ஹாலே இல்லாத சின்ன ஊர்கள்லயும் நிறுத்தி வாசிச்சார். அதைப் படிச்சதுலேர்ந்து எங்க தெருவுல மாசத்துல ஒரு ஞாயிறு, நாப்பது நிமிஷம், கதவைத் திறந்து வெச்சு வாசிக்கிறேன். பாக், ஷூபர்ட், நடுவுல கேக்குறவங்களுக்காக ஒரு ராஜா சார். தோட்டத்துலேர்ந்து மம்பட்டியோட வர்றவங்க வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போறாங்க. சில பேர் உள்ளே வர்றாங்க. ஒரு அண்ணன் ராஜா சார் வரும்போது மட்டும் கரெக்டா வருவார், அது எப்படின்னு தெரியலை.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. சென்னை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டைன்னு பழைய காலேஜ்ல படிக்கிறவங்க, உங்க ஹாலையோ சேப்பலையோ ஒரு தடவை சுத்திப் பாருங்க. மேடை ஓரத்துல துணி போட்டு மூடி, மேல பூந்தொட்டி வெச்ச ஒரு பெரிய பெட்டி இருக்கலாம். ஆபீஸ்ல சாவி கேளுங்க. ஒவ்வொரு கட்டையா அமுக்கி, எது பேசுது, எது பேசலைன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. சுருதி சேர்க்கிறவர் முதல்ல கேக்கப்போறது அதைத்தான். அதுக்கு முன்னாடி அந்தப் பூந்தொட்டியை இறக்கி வைங்க. தண்ணி உள்ளே போயிடும்.