அரிமா நோக்கு

நூற்பாக்கள் அமையும் முறையை விளக்க வந்த நன்னூலார், ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்கினைக் குறிப்பார். நடக்கும் சிங்கம் முன்னும் பின்னும் திரும்பி நோக்குவது போல, ஒரு நூற்பா தன் இருமருங்கும் உள்ளவற்றைத் தழுவி நிற்பதே அரிமா நோக்கம். இதனை இருபது ஆண்டுகளாக வகுப்பில் கற்பித்து வருகிறேன். எனினும் இதன் பொருளை எனக்கு உணர்த்தியவர், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் அண்ணனே ஆவார்.

கிணத்துக்கடவுச் சந்தையிலிருந்து தக்காளிக் கூடைகளைக் கோவைக்கு ஏற்றிச் செல்லும் டெம்போவை முப்பது ஆண்டுகள் ஓட்டியவர் அவர். ஒரு நாள் மூளையின் பின்பகுதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. கைகால்கள் தப்பின, பார்வையின் இடப்பாதி போயிற்று. “இடது கண்ணு போச்சு” என்றே எல்லோரிடமும் கூறிவந்தார். உண்மை அதுவன்று. இரு கண்களிலுமே இடப்பக்கக் காட்சி மறைந்திருந்தது. அவ்விடத்தில் இருள் தோன்றுவதில்லை, ஒன்றுமே தோன்றுவதில்லை. காணாததைக் காணவில்லை என்று அறிய இயலாமையே இக்குறையின் கொடுமை. நாளிதழ் படிக்கையில் வரியின் தொடக்கம் அவருக்கு அகப்படவில்லை.

இழந்த பார்வையைப் பயிற்சி மீட்டுத் தராது. எஞ்சிய பார்வையை இழந்த பக்கத்திற்கு அனுப்பவே அது கற்றுத் தரும். காணாப் பக்கத்தின் கடைக்கோடிக்கு முதலில் கண்ணைச் செலுத்த வேண்டும். தேவையாயின் தலையையும் திருப்ப வேண்டும். பின் வரிசையாக வலப்பக்கம் வர வேண்டும். இதனை இடைவிடாது செய்ய வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் இத்தகைய பயிற்சியை ஆராய்ந்துள்ளனர். பிரிட்டனில் கார் ஓட்டுவோர்க்குக் கிடைமட்டமாக 120 பாகைப் பார்வைப்புலம் வேண்டும். அது குறைந்தவர்களும், குறை ஏற்பட்டு ஓராண்டேனும் கடந்து, அது மேலும் பெருகாமல் நிலைத்திருப்பின், சாலையில் ஓட்டிக் காட்டித் தகுதியை மெய்ப்பிக்க விதிவிலக்குக் கோரலாம். பேருந்து, லாரி ஓட்டுவோர்க்கு அவ்விலக்கு இல்லை.

நாங்கள் வண்டியில் பழகவில்லை, நடந்தே பழகினோம். பொன்மலை அடிவாரத் தெருக்களில் மாலைதோறும் அவருக்கு இடப்புறமாக நான் நடப்பேன். தொடக்கத்தில் என்மீதே மோதிக்கொள்வார். மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, “தம்பி, சைக்கிள் வருது, ஒதுங்கு” என்று என்னைப் பிடித்திழுத்தார். முழுப்பார்வை உடைய நான் அதனைக் கவனித்திருக்கவில்லை!

அன்றிரவே, “வண்டியை எடுக்கலாமா?” என்று கேட்டார். உரிமத்தைப் புதுப்பிக்கும் காலமும் வந்திருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் படிவம் 1-ஐ நிரப்ப அமர்ந்தேன். 25 மீட்டர் தொலைவில் உள்ள எண்பலகையைப் படிக்க முடியுமா என்பது ஒரு வினா. அவரால் முடியும், அது கூர்மையைக் கேட்கிறதே அன்றி அகலத்தைக் கேட்கவில்லை. ஓட்டுவதால் பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோயோ குறைபாடோ உண்டா என்பது மற்றொன்று. அங்கே என் பேனா நின்றது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். அந்த ஒரு நொடியில் அவர் கண் வலப்புறம் இருந்தால்? ‘இல்லை’ என்று எழுதினால் அண்ணனின் பிழைப்பு நிலைக்கும்; ஆனால் யாருடைய பிள்ளையோ இடப்புறமிருந்து சாலையைக் கடக்கக்கூடும்.

என் தயக்கத்தைக் கண்டுகொண்டவர் சொன்னார்: “ஏன் தம்பி யோசிக்கறே? ‘ஆமா’ன்னே எழுது. பாதையில கெடக்கற முள்ளை எடுத்துப் போடுன்னு அத்தா நமக்குச் சொல்லித் தந்தாரு. நானே முள்ளாகலாமா?”

எழுதினேன். டெம்போ விற்கப்பட்டது. இன்று அண்ணன் சந்தையில் கூடைகளை எண்ணிக் கணக்கு வைக்கிறார். இடமிருந்து வலமாக, தலையைத் திருப்பித் திருப்பி. சாலை பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம் என்பதை நான் எந்த நூலிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. தன்னால் காண இயலாத பக்கம் ஒன்று உண்டென ஒப்புக்கொள்பவனே அப்பக்கம் திரும்பி நோக்குவான். அதுவே அரிமா நோக்கு.