பாம்பன் சிக்னலும் எஸ்.க்யூ.எல். ஸ்கிரிப்டும்

ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனவர்களுக்குப் பாம்பன் பாலம் மறக்காது. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். டிரைவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி, "இன்னிக்கு காத்து கம்மி தான்" என்று அவருக்குத் தோன்றினாலும் சரி, வண்டி நகராது. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. பாடம் மட்டும் பழசாகவில்லை.

எஸ்.க்யூ.எல். ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்களுக்கும் இதே கதை தான். திரையில் இரண்டு கறுப்பு விண்டோ. ஒன்று டெஸ்ட் சர்வர், இன்னொன்று நிஜ சர்வர். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. தூக்கக் கலக்கத்தில் டெலீட் கட்டளை எதில் போனது?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததும் இதற்கு நெருக்கமானது தான். இரண்டாம் சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாவை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. தான்! ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த காப்பி ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். இடையில் பதிவானது போனது போனதே. கட்டளை சரி, இடம் தான் தப்பு.

மருந்து எளிது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே சர்வரிடம் நாலு கேள்வி கேளுங்கள்: எந்த மெஷின்? எந்த டேட்டாபேஸ்? உள்ளே வந்திருப்பது எந்த யூசர்? மணி என்ன? எதிர்பார்த்த பதில் வராவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

பதிலை லாக் ஃபைலிலும் எழுதி வையுங்கள். ஆரக்கிளில் ஸ்பூல், மைஎஸ்க்யூஎல்லில் டீ என்ற கட்டளை போதும். பாஸ்வேர்டு மட்டும் லாகில் விழக்கூடாது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கித்தான் கடலுக்குப் போகின்றன. ஒரு படகு திரும்பாவிட்டால், எந்தப் படகு, என்றைக்குப் போனது என்று சொல்ல அந்தப் பதிவு இருக்கும். லாக் ஃபைலும் அப்படித்தான்.

மொத்தம் இரண்டு நொடி வேலை. ரயில் டிரைவருக்குப் பின்னால் பெட்டி நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். டேபிளில் வரிசை வரிசையாக இருப்பதும் ஆட்கள் தான்: யாரோ ஒருவருடைய மார்க், யாரோ ஒருவருடைய சம்பளம். என்டர் தட்டும் முன் சிக்னலை ஒரு தடவை பாருங்கள்.