மவுண்ட் இரண்டு, வரி ஒன்று

வடபழனி மெட்ரோவில் இறங்கி இருபது நிமிட நடை. சாலிகிராமத்துச் சந்து ஒன்றில், இரண்டாவது மாடியில் அந்த கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ. கீழே டீ 15 ரூபாய். மேலே சர்வர் அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது.

"எல்லா மெஷின்லயும் கேஷ் போட்டிருக்கோம் சார். சிலதுல மட்டும் டெக்ஸ்சர் லோடாக நேரமாகுது. சுவிட்ச்தான் பிரச்னை" என்றார் சிஸ்டம்ஸ் பார்க்கும் தம்பி. எஃப்எஸ்டேப் கோப்பைக் காட்டினார். சர்வரின் ஒரே வட்டிலிருந்து இரண்டு டைரக்டரிகள் என்எஃப்எஸ் வழியே வருகின்றன. அடிக்கடி எழுதப்படும் ப்ராஜெக்ட்ஸுக்கு கேஷ் வேண்டாம். படிக்க மட்டுமேயான டெக்ஸ்சர்ஸுக்கு 'எஃப்எஸ்சி' ஆப்ஷன், அதாவது உள்ளூர் வட்டிலும் ஒரு பிரதி. எழுதியதில் பிழையில்லை.

கெர்னல் என்ன சொல்கிறது என்று பார்க்க, ப்ராக்கில் என்எஃப்எஸ்ஸின் 'வால்யூம்ஸ்' கோப்பைத் திறந்தோம். போர்ட் 801 என்று இருந்தது. ஹெக்ஸில் எழுதிய 2049 அது. மவுண்ட் இரண்டு, வரியோ ஒன்றுதான். அதன் கடைசிப் பத்தியில் எஃப்எஸ்சி: 'நோ'. பக்கத்து மெஷினிலும் ஒரே வரி, ஆனால் 'எஸ்'.

ஒரே சர்வர், ஒரே ஃபைல்சிஸ்டம் என்றால் கெர்னல் ஒரே சூப்பர்பிளாக்கைப் பகிர்ந்துகொள்கிறது. பூட் ஆகும்போது ப்ராஜெக்ட்ஸ் முந்தினால் கேஷ் இல்லாத சூப்பர்பிளாக் உருவாகும். பின்னால் வரும் டெக்ஸ்சர்ஸ் சத்தமில்லாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். எச்சரிக்கைகூட வராது. எது முந்தும் என்பது பூட்டுக்குப் பூட்டு மாறுவதால்தான் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம்.

அவர்கள் ஓட்டும் கெர்னலின் சூப்பர்.சி கோப்பில், பகிரலாமா என்று முடிவெடுக்கும் இடத்தைப் படித்தோம். ஆர்சைஸ், டபிள்யூசைஸ் எல்லாம் வரிசையாக ஒப்பிடப்படுகின்றன. எஃப்எஸ்சி மட்டும் அந்த வரிசையில் இல்லை. அது வேறானால் பகிராதே என்று தம்பி ஒரு நிபந்தனை சேர்த்தார். இது எனக்குச் சரியாகவே பட்டது. 'நோஷேர்கேஷ்' போட்டும் சமாளிக்கலாம்; ஆனால் அதைப் போட்ட மவுண்டை, மற்ற ஆப்ஷன்கள் ஒத்துப்போனாலும், அது கண்மூடித்தனமாகப் பிரிக்கும். ஒரே கோப்பை இரு வழியில் திறந்தால் பிரதிகள் முரண்படும் ஆபத்து பிரிக்கும் எந்த முறையிலும் உண்டு. இங்கே டைரக்டரிகள் வேறு என்பதால் பயமில்லை.

கம்பைல், ரீபூட். இப்போது இரண்டு வரிகள்: ஒன்று 'நோ', ஒன்று 'எஸ்'. அதோடு விடவில்லை. ஒரு டெக்ஸ்சரைப் படித்துவிட்டு, ராமில் இருந்த பிரதியைக் காலி செய்து, மறுபடி படிக்கச் சொன்னேன். நெட்வொர்க் கார்டின் கவுண்டர் கிட்டத்தட்ட அசையவில்லை. உள்ளூர் வட்டின் விளக்குதான் மினுக்கியது. சுவிட்சை யாரும் தொடவேயில்லை. மற்ற மெஷின்களை, ஓடிக்கொண்டிருக்கும் ரெண்டர் முடிந்ததும் ராத்திரி மாற்றுகிறார்கள்.