காருக்கும் நூல் பிடிக்கலாம்

கோயமுத்தூர்ப் பக்கம் வீடு கட்டுகிற கொத்தனாரிடம் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு நூல்கண்டும் ஒரு தூக்குக்குண்டும் கட்டாயம் இருக்கும். சுவர் நேரா கோணலா என்று சொல்ல அவருக்கு அது போதும். அதே நூலும் குண்டும் ஒரு காரின் சக்கரங்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்பதையும் சொல்லிவிடும். வீல் அலைன்மென்ட் என்றதும் கம்ப்யூட்டர் திரையும் கலர் கலரான கோடுகளும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்த மெஷின் அளப்பதும் சில கோணங்களைத்தான். கம்ப சூத்திரம் ஒன்றும் இல்லை.

கோணங்கள் மூன்று. காரை மேலே இருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் லேசாக உள்பக்கம் திரும்பி நின்றால் டோ-இன், வெளிப்பக்கம் திரும்பி நின்றால் டோ-அவுட். காருக்கு முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருந்தால் அது கேம்பர். மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருக்கிறதே, அந்த மாதிரி, சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு. நம் ஊர் சின்ன கார்களில் பெரும்பாலும் டோவை மட்டும்தான் திருகி மாற்ற முடியும். நல்லவேளையாக, டயரை அதிகம் தின்பதும் அதுதான்.

எவ்வளவு தின்னும்? ஒரு சின்ன கணக்கு. ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே சுமார் 35 செ.மீ. என்று வையுங்கள். சக்கரம் வெறும் 1.5 மி.மீ. கோணலாக நிற்கிறது. கண்ணுக்கே தெரியாது. ஆனால் 350ல் 1.5 என்பது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டு இழுப்பு. 10,000 கி.மீ. ஓடினால் 40 கி.மீ.க்கு மேல். அதாவது கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற தூரம். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுத்துச் சமாளிக்கும், மீதியெல்லாம் ரோட்டில் தேய்ப்புதான்.

சந்தேகம் வருவது எப்படி? டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழ, இன்னொரு திசையில் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பு என்றால் டோ சரியில்லை. டோ-இன் அதிகமானால் வெளி ஓரம் தேயும், டோ-அவுட் அதிகமானால் உள் ஓரம் தேயும். உள் ஓரம்தான் ஆபத்து, ஏனென்றால் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. 80ல் போகும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் கேஸ். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கணபதியில் லேத் பட்டறை வேலையிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மகள் வீட்டுக் கார் மறுநாள் காலை வால்பாறை போக வேண்டும். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற ரோடு. அலைன்மென்ட் செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அவிநாசி ரோட்டில் கார் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நின்றது.

"இப்பத்தானுங்க அப்புச்சி செஞ்சோம். போயிட்டு வந்து பாத்துக்கலாமுங்க" என்றான் பேரன்.

"பில்லு இருக்குது, சரி. அளவு எங்க கண்ணு?" என்றார் பெரியவர்.

பில்லில் தொகை இருந்தது, அளவு இல்லை. அன்று சாயங்காலம் போர்டிகோவில் நூல் கட்டினார்கள். அவர்கள் செய்த வேலையை வரிசையாகச் சொன்னால்:

1. முதலில் காற்று. டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி நான்கு டயருக்கும். தரை சமமாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து காரைச் சில அடி முன்னால் உருட்டி நிறுத்த வேண்டும்.

2. ஒரே நீளத்தில் இரண்டு பைப். இரண்டிலும் ஒரே இடைவெளியில் காடி. ஒன்று காருக்கு முன்னால், ஒன்று பின்னால், சக்கர மையத்தின் உயரத்தில். காடிகளில் நூலை மாட்டினால் இரண்டு பக்க நூலும் தானாகவே இணையாகிவிடும். "இறுக்கிக் கட்டு கண்ணு, தொங்குச்சுன்னா கணக்குப் போச்சு."

3. பைப்களை நகர்த்தி, முன் சக்கர மையங்கள் இரண்டும் நூலிலிருந்து சம தூரம், பின் சக்கர மையங்கள் இரண்டும் சம தூரம் என்று கொண்டுவர வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு இருக்கத் தேவையில்லை.

4. இனி ஸ்கேலை எடுத்து, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் தூரம். முன் விளிம்பு நூலைவிட்டு அதிகம் விலகியிருந்தால் டோ-இன், பின் விளிம்பு விலகியிருந்தால் டோ-அவுட். மூன்று தடவை அளந்து மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும்.

5. தூக்குக்குண்டை ஃபெண்டரிலிருந்து தொங்கவிட்டு ரிம்மின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு தூரங்களைப் பார்த்தால் கேம்பரும் தெரிந்துவிடும்.

வலது சக்கரத்தில் வித்தியாசம் 1 மி.மீ.க்குள். இடது சக்கரத்தில் 5 மி.மீ.! டார்ச் அடித்துப் பார்த்தபோது இடது டை ராடின் லாக் நட் கையாலேயே சுற்றியது. யாரோ அளவு வைத்துவிட்டு ஸ்பேனர் போட்டு இறுக்க மறந்திருக்கிறார்கள். பத்து நாளில் ராடு தானாகத் திருகிக்கொண்டே வந்திருக்கிறது. வால்பாறை இறக்கத்தில் பிரேக் பிடிக்கிற இடத்தில் இது தெரியவந்திருந்தால்? பேரன் அதற்கப்புறம் பேசவே இல்லை.

திருத்துவதும் அதே இடத்தில்தான். லாக் நட்டைத் தளர்த்தி டை ராடைக் கால் சுற்று, அதற்கு மேல் கிடையாது, திருகி மறுபடி அளக்க வேண்டும். டை ராடு சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால் அதை நீட்டும்போது டோ-இன் கூடும், முன்னால் இருந்தால் தலைகீழ். இரண்டு பக்கமும் சரிசமமாகத் திருகாவிட்டால் ஸ்டீயரிங் கோணிக்கொள்ளும். ஒவ்வொரு திருகலுக்கும் காரை உருட்டிவிட்டு அளப்பது நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் நடுவே கிரீஸ் தடவிய இரண்டு டைல்ஸ் வைத்தால் சக்கரம் தானே வழுக்கி நிலைக்கு வரும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது அந்தந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் அளவு வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை விடவே வேண்டாம்.

அவர்கள் அளவை வைத்து நட்டை இறுக்கியதோடு நிற்கவில்லை. காலையில் வேறொரு கடையில் மெஷினில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் மலை ஏறினார்கள். இரண்டு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

நூல் ஏதோ ஏழைகளின் வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கப் பந்தய அணிகள் இன்றும் ட்ராக் ஓரத்தில் நூல் கட்டித்தான் டோ பார்க்கின்றன. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கியவர் கோவைக்காரரான கரிவரதன். 1995ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

நூலுக்கும் எல்லை உண்டு. விபத்தில் அடிபட்ட கார், சஸ்பென்ஷன் பிரித்து மாட்டிய கார், கேம்பர் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் கார் இவையெல்லாம் கடைக்குத்தான் போக வேண்டும். இ.எஸ்.சி. உள்ள புதிய கார்களில் ஸ்டீயரிங் கோணத்தைப் பார்க்கும் சென்சார் உண்டு. அலைன்மென்ட் மாறினால் அதையும் கருவி போட்டுச் சரிபார்க்க வேண்டி வரலாம்.

ஆகவே வீட்டில் நூல் பிடிப்பது கடைக்காரருக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த அல்ல. கணக்கு எழுதுகிறவரே அதைத் தணிக்கையும் செய்யக் கூடாது என்பது காமர்ஸ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கார் விஷயத்தில் மட்டும் வேலை செய்தவரே "சரியாயிடுச்சுங்க" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். கடையில் முன்-பின் அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், நான்கு சக்கர அளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நூல் கட்டிப் பாருங்கள். நூல்கண்டு ஒன்று, ஸ்கேல் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆகிற செலவு அவ்வளவுதான்.