வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு மலைப் பயணம்



நீங்கள் நுவரெலியாவுக்கு வேனில் போயிருப்பீர்கள். இறங்கி வரும்போது றம்பொடை வளைவுகளில் சாரதி கீழ் கியரிலேயே வண்டியை மெதுவாக விடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வேனின் பின்னால் ஒரு சிறிய வீட்டையும் கொழுவி இழுத்து வருவதாக எண்ணிப் பாருங்கள்! அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் பயணம் புறப்படுகின்றன.

கரவன் என்று நாம் அறிந்த அந்த இழுவை வீட்டை அங்கே ட்ரெயிலர் என்கிறார்கள். உள்ளே கட்டில்கள், குசினி, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. நம்மவர்களுக்கு இது மிகவும் வசதியானது. வழியில் ஹலால் சாப்பாடு தேடி அலைய வேண்டியதில்லை. வுழூச் செய்யத் தண்ணீரும், தொழ இடமும், பெண்களுக்கு மறைவும் கூடவே வருகின்றன.

இன்று நமது குடும்பங்களில் ஒரு மகனோ, மகளோ, சகோதரரோ அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். "ட்ரெயிலர் இழுக்க ஒரு டீசல் பிக்கப் வாங்கப் போகிறோம்" என்று அவர்கள் சொன்னால், "அது ஆண்களின் விஷயம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். அந்த வண்டியில் ஏறும் பாரத்தில் பாதிக்கு மேல் குடும்பப் பெண்ணின் கைபட்டுத்தான் ஏறுகிறது. எப்படி என்று அறிய, கொலராடோ மாநிலத்தின் மலைப் பாதை ஒன்றில் என்னோடு வாருங்கள்.

புறப்படுமுன் கதவைத் திறந்து பாருங்கள்

நமது பயணம் டென்வர் நகரிலிருந்து மேற்கே, 70ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தொடங்குகிறது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. சரியாக ஒரு மைல்! நுவரெலியாவை விடச் சற்றுத் தாழ்வு. ஆனால் நாம் ஏறப்போகும் இடம் பீதுருதாலகால உச்சியையும் விட உயரமானது.

புறப்படுமுன் பிக்கப்பின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். விளம்பரப் புத்தகத்தில் "இத்தனை தொன் இழுக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை விட, இந்தச் சின்ன எழுத்துத்தான் முக்கியம்.

ஏன்? ட்ரெயிலரின் பாரம் முழுவதும் அதன் சக்கரங்களின் மேல் நிற்பதில்லை. நூற்றில் பத்து முதல் பதினைந்து பங்கு, கொழுவியின் வழியாகப் பிக்கப்பின் முதுகில் அமர்கிறது. 

ஒரு கணக்குப் போடுவோம். சாமான் ஏற்றிய ட்ரெயிலர் 3,000 கிலோ என்று வையுங்கள். கொழுவியில் அமரும் பாரம் சுமார் 360 கிலோ. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் 270 கிலோ. கொழுவும் கருவி 40 கிலோ. பின் பெட்டியில் ஏற்றும் கதிரைகள், அடுப்பு, அரிசி, பிள்ளைகளின் சைக்கிள்கள் 130 கிலோ. மொத்தம் 800 கிலோ.

ஃபோர்ட் எஃப்-150, ராம் 1500 போன்ற சிறு ரகப் பிக்கப்களில் பல, நாலு தொன் இழுக்கும் என்று விளம்பரம் செய்யப்படுபவை. கதவைத் திறந்தால் 650, 700 கிலோ என்றிருக்கும். நமது குடும்பம் அதில் ஏறினால் பாரம் எல்லை கடந்துவிடும். இழுக்க முடியும், ஆனால் சுமக்க முடியாது. அதனால்தான் பெரிய குடும்பங்கள் எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 என்ற அடுத்த ரகத்துக்குப் போகின்றன. அங்கும் ஒட்டுத்தாளைப் பார்த்தே வாங்க வேண்டும். டீசல் இஞ்சின் பெற்றோல் இஞ்சினை விடப் பாரமானது. ஒரே ரக வண்டியில் டீசலைத் தெரிவு செய்தால் சுமக்கும் அளவு குறைந்துவிடுவது வழக்கம்.

உம்ராவுக்குப் போகும்போது பெட்டியை நிறுத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதே கவனம் இங்கும் தேவை. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 150 லீற்றர் தாங்கியை வீட்டிலேயே நிரப்பினால் 150 கிலோவை மலையேற்றுகிறீர்கள். தங்கும் இடத்தில் குழாய் இருக்குமானால் வழிக்குத் தேவையானதை மட்டும் கொண்டு போங்கள். பாரமான சட்டி பானைகளையும் அரிசி மூட்டையையும் ட்ரெயிலரின் பின் கோடியில் அடுக்காதீர்கள். வால் கனத்தால் ட்ரெயிலர் பாம்பு போல் ஆடத் தொடங்கும். பாரமானவை சக்கரத்துக்கு மேலும் அதற்குச் சற்று முன்னும் இருக்கட்டும்.

ஏற்றம்

டென்வரை விட்டதும் மலைகள் எழுகின்றன. நகரத்துக்குச் சொந்தமான காட்டெருமைக் கூட்டம் ஜெனசி என்ற இடத்தில் பாதையோரம் மேய்வதைச் சில நேரம் காணலாம். 1859இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட ஐடஹோ ஸ்பிரிங்ஸ் அடுத்து வருகிறது. ஜோர்ஜ்டவுனில் வளைந்த கொம்புடைய மலை ஆடுகள் பாறைகளில் நிற்கும்.

உயரப் போகப் போகக் காற்று மெலிகிறது. 11,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். நமக்கு மூச்சு வாங்குவது போலவே டர்போ இல்லாத பெற்றோல் இஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். மூன்றிலொரு பங்கு பலத்தை அது இழந்துவிடும். இஞ்சின் அலற, வண்டி ஊர்ந்து போகும். டீசல் இஞ்சினில் உள்ள டர்போ காற்றை அமுக்கி ஊட்டுவதால் இந்த இழப்பு குறைவு. மெதுவான சுழற்சியிலேயே இழுவிசை தருவதும் டீசலின் குணம். ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக், ஷெவர்லேயின் டியூராமெக்ஸ், ராம் வண்டிகளில் வரும் கமின்ஸ் ஆகிய மூன்றும் இந்தப் பாதையில் பேர்பெற்றவை.

அதற்காக எல்லோருக்கும் டீசல்தான் என்று சொல்லிவிட முடியாது. புதிய வண்டியில் டீசல் இஞ்சினுக்கு மட்டும் 10,000 டொலர் அளவில் கூடுதலாகக் கேட்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவரும் குறுந்தூர ஓட்டம் அதற்கு ஒத்துவராது. புகைக் கரியைப் பிடிக்கும் வடி சூடேறிச் சுத்தமாக நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். வருடத்தில் இரண்டு தடவை, சமவெளியில், சிறிய ட்ரெயிலர் என்றால் பெற்றோல் வண்டியே போதும். மிஞ்சும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும்.

மலையின் வயிற்றுக்குள்

சாலை இப்போது ஐசனோவர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. உயரம் 11,158 அடி, நீளம் சுமார் 1.7 மைல். மேற்கே போகும் குழாய் 1973இலும், கிழக்கே திரும்பும் ஜோன்சன் குழாய் 1979இலும் திறக்கப்பட்டன. தலைக்கு மேலே இருப்பது ஒரு கண்டத்தின் முதுகெலும்பு. அதன் கிழக்கே விழும் மழை அத்திலாந்திக் பக்கமும், மேற்கே விழும் மழை பசிபிக் பக்கமும் ஓடுகிறது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்க வேண்டிய இடம்!

உண்மையான சோதனை இறக்கத்தில்தான்

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு விரிகிறது. பாதை சுமார் 8 மைல் தூரத்துக்கு 7 சதவீதச் சரிவில் இறங்குகிறது. நூறு அடி போனால் ஏழு அடி இறக்கம். பிக்கப்பும் ட்ரெயிலருமாக ஆறு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் உங்களைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும். வலப்பக்கம் மலையில் ஏறிச் சட்டென முடியும் சரளைக்கல் பாதைகள் இரண்டு தென்படும். பிரேக் இழந்த லொறிகள் புதைந்து நிற்பதற்காகப் போடப்பட்டவை அவை.

இதே நெடுஞ்சாலை டென்வருக்கு இறங்கி முடியும் லேக்வுட் பகுதியில், 2019 ஏப்ரல் 25ஆம் திகதி, பிரேக் பிடிக்காமல் இறங்கிய ஒரு பெரிய லொறி நெரிசலில் நின்ற வாகனங்களின் மீது மோதியது. நான்கு உயிர்கள் போயின.

கியர்ப்பெட்டியின் அருமை இங்கேதான் தெரியும். நமது சாரதிகள் செய்வது போலக் கீழ் கியரில் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையால் மாற்றும் கியரில் அந்தக் கட்டுப்பாடு சாரதியிடமே இருந்தது. பழைய ஆட்கள் அதையே விரும்பினார்கள். ஆனால் அமெரிக்கப் பெரிய பிக்கப்களில் கை கியர் 2018 மாதிரியோடு நின்றுபோனது. கடைசியாகக் கொடுத்தது ராம். இனி அது பழைய வண்டிச் சந்தையில்தான் கிடைக்கும்.

ஓட்டோமெட்டிக் என்று பயப்படத் தேவையில்லை. இழுவைக்கென்றே ஒரு பொத்தான் அதில் உண்டு. அதை அழுத்தினால் கியர் அவசரப்பட்டு மேலே போகாது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் தானே கீழ் கியருக்கு இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஷெவர்லேயில் அலிசன் கியர்ப்பெட்டி 2001 முதல் பெயர் பெற்றது. 2020 மாதிரியிலிருந்து ஃபோர்டும் ஷெவர்லேயும் பெரிய டீசல் பிக்கப்களில் பத்து கியர் கொடுக்கின்றன. பழைய வண்டி வாங்குவோர் கியர் எண்ணெயைப் பார்க்க வேண்டும். அது கறுத்து, கருகல் மணம் வீசினால் அந்தப் பெட்டி சூட்டில் வெந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. டீசல் இஞ்சின் தனியே விட்டால் இறக்கத்தில் வண்டியை அவ்வளவாகப் பிடிக்காது. புகை வெளியேறும் வழியை நெருக்கி இஞ்சினையே தடையாக்கும் புகைப் பிரேக் அதற்குத் தேவை. இன்றைய மூன்று கம்பனி டீசல்களிலும் அது உண்டு. பழைய வண்டியானால் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக்கும், அதைக் கையால் இயக்கும் சிறு பிடியும் முன்னால் இருக்கும். ட்ரெயிலர் ஆடினால் பெரிய பிரேக்கை மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, இந்தப் பிடியை மெல்ல அழுத்த வேண்டும். நீங்கள் ஓட்டினாலும் சரி, பக்கத்தில் இருந்தாலும் சரி, அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள்.

ஏரிக்கரையில்

இறக்கம் முடியும் இடத்தில் டில்லன் நீர்த்தேக்கம் பளபளக்கிறது. 23 மைல் நீளமான குழாய்ச் சுரங்கம் ஒன்று மலைக்கு அடியால் இந்த நீரை டென்வர் பக்கம் கொண்டு செல்கிறது. நீங்கள் காலையில் தாங்கியில் நிரப்பிய தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம்!

கரையோர முகாமில் ட்ரெயிலரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தேநீர் போடலாம். மறுநாள் 10,600 அடிக்கு மேற்பட்ட வெயில் கணவாய். அப்பால் கொலராடோ ஆறு குடைந்த கிளென்வுட் பள்ளத்தாக்கு. 1992இல் முடிந்த அந்தச் சாலை, ஆற்றுக்கு மேலே தூண்களில் மிதப்பது போல் போகும்.

ஆகவே சகோதரிகளே, தூர தேசத்திலிருக்கும் உங்கள் பிள்ளைகள் பிக்கப் வாங்கும் செய்தி சொல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கதவு ஒட்டுத்தாளில் எத்தனை கிலோ? அதில் பேரப்பிள்ளைகளையும் சமையல் சாமானையும் கூட்டிப் பார்த்தீர்களா? மலையில் இறங்கும்போது பிரேக்கைத் தவிர வண்டியைப் பிடித்து நிறுத்த வேறென்ன இருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு, நிறம் எதுவாக இருந்தாலும் சம்மதம் சொல்லுங்கள்.