இறங்காத கள்

பெல்ஜியத்தில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் சென்ற கோடை விடுப்பில் போடிக்கு வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்நாட்டு பீரில் வந்து நின்றது. வெஸ்ட்விளெட்டரன் என்னும் சிற்றூரில் துறவியர் மடம் ஒன்று உண்டு. 1830களின் இறுதியிலிருந்து அங்கே பீர் வடிக்கிறார்கள். நெடுங்காலம் அந்தப் புட்டிகளில் பெயர்ச்சீட்டுக்கூட ஒட்டியதில்லை. கடைகளுக்கும் அனுப்பியதில்லை. வேண்டுவோர் முன்பதிவு செய்துவிட்டு மடத்து வாசலுக்கே போய் வாங்கினார்கள். வாங்கியதை மறுபடி விற்கலாகாது என்றும் துறவிகள் கேட்டுக்கொண்டார்கள். உலகின் தலைசிறந்த பீர் அதுவே என்று சொல்வோர் பலர்.

"அவ்வளவு சுவையா?" என்று கேட்டோம்.

சற்று யோசித்துவிட்டு, "சுவைதான் ஐயா. ஆனால் தேடிப்போய் வாங்கியதும் அந்தச் சுவையில் கலந்திருக்கிறது" என்றார்.

அவர் விடைபெற்றுப் போன பிறகும் அந்தச் சொல் எங்களை விடவில்லை. எங்களுக்கு எங்கள் தாத்தாவின் நினைவு வந்துவிட்டது. நாங்கள் என்றால் அண்ணனும் நானும். அண்ணன் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கர்; மற்றவனுக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை. எழுதும் கை ஒன்றேயாயினும் நினைவு இருவருக்கும் பொது. ஆகவே நாங்கள் என்றே எழுதிச் செல்கிறோம்.

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே முந்தலில் சாலை மலையேறத் தொடங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,300 மீட்டருக்கும் மேலே போடிமெட்டைத் தொடுகிறது. இரு மாநிலங்களின் சோதனைச்சாவடிகளும் அங்கே உண்டு. தாண்டினால் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை என ஏலக்காடுகள். விடியுமுன்னே எங்கள் ஊரிலிருந்து தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகின்றன. காய்ந்த ஏலக்காய் மூட்டைகளாகக் கீழே இறங்குகிறது. புற்றடியைப் போலவே போடியிலும் அதற்கு மின்னணு ஏலம் நடக்கிறது. அரிசி ஏறும், காய் இறங்கும், மனிதர்கள் ஏறி இறங்குவார்கள். அந்த மலையிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்காத பொருள் ஒன்றே ஒன்று. அது கள்.

மலைக்கள் என்று நாங்கள் சொல்வது கூந்தற்பனைக் கள். ஏலத்துக்கு நிழல் தரும் மரங்களுக்கிடையே இந்தப் பனை நிற்கும். இலை மீன்வாலைப் போலிருக்கும். பூங்குலை அவிழ்த்துவிட்ட கூந்தலைப் போலத் தொங்கும். இதன் வாழ்க்கை விசித்திரமானது. பல ஆண்டுகள் பூக்காமலே வளர்ந்து, முதிர்ந்த பிறகு உச்சியில் முதற்பாளையை விடும். அடுத்தது அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும்.

பாளை சீவியதும் சொட்டுகிற நீர் வெறும் இனிப்புதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நொதிகள் உடனே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் பீரளவு போதை ஏறும். மறுநாள் புளித்துக் காடியாகும் பாதையில் இருக்கும். கடையில் விற்கும் பீர் சூடுபடுத்தி, நொதியை அடக்கி, அடைக்கப்பட்டது. அதனால்தான் சென்னையிலும் போடியிலும் அதற்கு ஒரே சுவை. கள்ளையும் அவ்வாறு சூடேற்றிப் புட்டியில் அடைக்க முடியும். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளை அப்படி அடைப்பதுண்டு. ஆனால் கலயத்திலிருந்து நேரே ஊற்றிய கள் வாய்க்கு வரும்வரை மாறிக்கொண்டே இருப்பது. காலையில் குடித்தவரும் மாலையில் குடித்தவரும் ஒரே கள்ளைக் குடித்தவர்கள் அல்லர்.

அது இறங்காமற்போனதற்கு இது பாதிக் காரணம். மறுபாதி சட்டம். அந்தச் சட்டத்தின் ஆண்டுகளை வரிசையாக எழுதினால் அதுவே எங்கள் தாத்தாவின் வரலாறு.

தாத்தா மரமேறி. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. தொழிலில் கை தேறியிருந்த நேரம். பாளை அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மலையேறிவிட்டார். அந்த மலை அப்போது திருவிதாங்கூர். ஏலக்காட்டில் களை வெட்டியும் கூந்தற்பனை சீவியும் இருபது ஆண்டுகளுக்குமேல் அங்கேயே இருந்தார். 1971இல் இங்கே மதுவிலக்கு தளர்ந்ததும் இறங்கி வந்து தென்னந்தோப்புகளில் ஏறினார். 1974இல் மறுபடியும் முழு மதுவிலக்கு வருவதற்குள் அதுவும் முடிந்தது. 1981இல் கடைகள் திறந்தன, மீண்டும் ஏறினார். அந்த ஆண்டுகளின் விடியற்காலை எங்களுக்கு நினைவிருக்கிறது. மரத்திலிருந்து இறங்கியதும் அவர் கலயத்தில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே நுரை பொரியும் ஓசையை எங்களுக்கும் கேட்கத் தருவார். 1987ஆம் ஆண்டின் முதல் நாளோடு தமிழ்நாட்டில் கள் இறக்குவது தடை செய்யப்பட்டது. தாத்தாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மாந்தோப்புக் காவலுக்குப் போனார். அதன் பிறகு மரமேறவில்லை.

இதனாலெல்லாம் எங்கள் வீடு கள்ளைப் போற்றிய வீடு என்று எண்ணிவிட வேண்டா. எங்கள் சித்தப்பா குடித்தே செத்தவர். அது 1999. அவர் குடித்தது கள் அல்ல, புட்டிச் சரக்கு; ஆனால் அந்த வேறுபாட்டைப் பேசிக்கொண்டிருக்க அப்பத்தாவுக்குப் பொறுமை இருந்ததில்லை. புட்டி என்று ஒன்று இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வகுப்பில் திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் சித்தப்பாவின் முகம் வந்து போகும். அடுத்த வாரமே பாட்டும் தொகையும் நடத்தவேண்டிவரும். அங்கே கள் பெருகிக்கிடக்கும். இரண்டும் நம்முடைய நூல்களே. எதையும் மறைத்துக் கற்பிக்க முடிந்ததில்லை.

2008 ஆனி மாதம். பெரும்பாணாற்றுப்படைப் பாடத்துக்காக வீட்டுத் திண்ணையில் உரையோடு உட்கார்ந்திருந்தபோது, உள்ளே கட்டிலில் படுத்திருந்த தாத்தா என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணனும் உடனிருந்தார். அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து வடிக்கும் மதுவைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லியிருக்கும் இடத்தை விளக்கினோம். மேலைநாட்டார் வாற்கோதுமையை முளைகட்டி பீர் வடிப்பதும் ஏறக்குறைய இதே வழிதான். நெல்லால் ஆக்கிய கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். அதை வீட்டிலேயே சமைத்துப் பருகியதாகவும் அந்நூல் சொல்கிறது. தாத்தா பெரிதாகக் கவனிக்கவில்லை. சோற்றுக் கள்ளில் அவருக்கு ஈடுபாடு இல்லை. மலைபடுகடாத்தில் மலைவாழ் மக்கள் தேனை மூங்கிற் குழாயில் ஊற்றி விளையவைத்த தேறலைச் சொன்னதும் தலையைத் திருப்பினார்.

"மூங்கில்லயா? அவன் வெவரமானவன்ப்பா" என்றார்.

சற்று நேரம் கழித்து, "அங்கிட்டுப் போனா ஒரு வாய்க் கூந்தப்பனக் கள்ளு கொண்டாங்கப்பா. குடிக்கிறதுக்கில்ல. மோந்து பாத்தாப் போதும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். போடிமெட்டில் சாரலும் மூடுபனியும். பூப்பாறைப் பக்கம் சாலையோரத்தில் ஒரு கடை. பலகையில் மலையாள எழுத்தில் ஒற்றைச் சொல், கள்ளு. எழுத்துத்தான் வேறு, சொல் ஒன்றே. வளைவுகளுக்குக் கீழே குற்றமாயிருப்பது இங்கே உரிமம் பெற்ற வணிகம்; பெஞ்சில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரிடம் செய்தியைச் சொன்னோம். கீழே போவதற்குள் அது வேறொன்றாகிவிடும் என்றார். அந்தக் காலத்தில் இங்கே பனை சீவியவருக்கு என்றதும், அன்று விடியலில் இறக்கிய கலயத்திலிருந்து அரைப் புட்டி ஊற்றித் தந்தார். மூடியை இறுக்க வேண்டாம் என்று இருமுறை எச்சரித்தார். எல்லை தாண்டிக் கள் கொண்டுவருவது குற்றம் என்று தெரியும். செய்தோம். அச்சத்தில் மூடியை இறுக்கியும்விட்டோம்.

பேருந்து பாதி வளைவுகளை இறங்குவதற்குள், துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்த புட்டியின் மூடி பொட்டென்று தெறித்தது. மணம் பேருந்து முழுவதும் பரவிற்று. நடத்துநர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். முன்னிருக்கையில் தோட்ட வேலைக்காரப் பெண் ஒருவர், "யாருக்குத் தம்பி, தாத்தாவுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். அவர் சிரிக்கவில்லை. தம் சுருக்குப் பையைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்து, புட்டியின் வாயைக் கட்டக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் அப்பத்தா நின்றார். எங்களையும் பையையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பித்தளை டம்ளர் ஒன்றில் தம் முந்தானையால் வடிகட்டி, அவரே கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தாத்தா முகர்ந்தார். ஒரு வாய் குடித்து நாக்கில் வைத்திருந்தார். மலைவெயிலில் ஒன்றாயிருந்தது போடி வெயிலில் மற்றொன்றாகியிருக்கும், வசைதான் கிடைக்கும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"சரியாத்தான் எறக்கியிருக்கான். கள்ளுல பெசகு இல்ல. நாந்தான் எடம் மாறிக் கெடக்கேன்" என்றார்.

பிறகு டம்ளரை அப்பத்தாவிடம் நீட்டி, "மிச்சத்தக் கொட்டிராத. ஆப்பத்து மாவுல ஊத்து" என்றார்.

மறுநாட்காலை ஆப்பம். தாத்தாவின் தொழில் நின்றபின் எங்கள் வீட்டு ஆப்பத்துக்குக் கள் ஊற்றிய நாள் அது ஒன்றே. நடுப்பகுதி பஞ்சுபோல் எழும்பி, மேலெல்லாம் கண்கண்ணாகத் துளை விழுந்திருந்தது. தாத்தா பாதி சாப்பிட்டார். ஆடி பிறந்து சில நாட்களில் போய்விட்டார்.

மாணவர் சொன்னது உண்மைதான். தேடிப்போய் வாங்கியதும் சுவையில் கலக்கத்தான் செய்கிறது. ஆனால் அது போய்த் திரும்புகிறவனுக்கு வாய்க்கும் சுவை. அந்த மடத்துத் துறவிகள் தங்கள் எல்லையைத் தாங்களே விரும்பி வகுத்துக்கொண்டவர்கள். எங்கள் மலைக்கள்ளுக்கு எல்லையை நொதியும் சட்டமும் வகுத்தன. அந்த எல்லையைப் பின்தொடர்ந்து ஏறியும் இறங்கியும் ஒரு மனிதர் தம் வாழ்நாளைக் கழித்தார். அரிதாயிருப்பதனால் அதன்மேல் எங்களுக்கு ஏற்படும் ஆசையில் அவருடைய இழப்பும் இருக்கிறது. அதை மறந்துவிட்டு அதன் சுவையைப் புகழ எங்களால் இயலவில்லை. சித்தப்பாவை மறந்துவிட்டும் இயலவில்லை.

இப்போதும் ஆனியில் ஒருமுறை போகிறோம். ஒருவர் ஒரு குவளை குடிப்போம். மற்றவர் மரவள்ளிக்கிழங்கோடு நிறுத்திக்கொள்வோம். திரும்பும்போது எதையும் கையில் கொண்டுவருவதில்லை.

அப்பத்தா அதன் பிறகு ஆறாண்டுகள் இருந்தார். ஆப்பத்துக்குப் பழையபடி தேங்காய்த் தண்ணீரைத்தான் புளிக்கவைத்து ஊற்றினார். ஓரம் மொறுமொறுப்பாகவே வரும். நடுவில் அத்தனை கண்கள் மட்டும் விழுந்ததில்லை.